ஊறுகாய் ஜாடியை நாம் படுத்தும் பாடு

டிசம்பர் வந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் மாங்காய் வெட்டும் சத்தமும் கடுகு வாசனையும்தான். ஊறுகாயை எதில் போடுவது என்று கேட்டால் எல்லோரும் கண்ணாடிதான் நல்லது என்கிறோம். உண்மைதான், பிளாஸ்டிக் டப்பா ஒரே மாதத்தில் மஞ்சள் ஏறி, எத்தனை முறை கழுவினாலும் வெந்தய வாடை போகாமல் கிடக்கும், கண்ணாடி கழுவினால் புதுசு. ஆனால் அந்தக் கண்ணாடியை நாம் வைத்துக்கொள்ளும் லட்சணம் இருக்கிறதே!

பெரிய தவறு, காலியானதும் தூக்கிப் போடுவது. மணலையும் சோடா சாம்பலையும் சுண்ணாம்புக்கல்லையும் சுமார் 1500 டிகிரி செல்சியஸில் உருக்கினால்தான் கண்ணாடி, அந்த உலையை இரவு பகல் அணைக்கவும் முடியாது, போதாததற்குக் கனம் வேறு, லாரிக்கு டீசல் கூடும். ஆகவே ஒரே தடவை பயன்படுத்தி எறியும் பாட்டில், லேசான பிளாஸ்டிக்கைவிடச் சூழலுக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. திரும்பத் திரும்ப நிரப்பினால்தான் லாபம். இங்கே 750 மில்லி பியர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து டெபாசிட் வாங்குகிறார்களே, கண்ணாடியை அப்படித்தான் நடத்த வேண்டும். (குடிக்கிறவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள என்று எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான்.)

அடுத்தது சூடு. போன வருஷம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜாடியில், ஊறுகாய்மேல் காய்ச்சின எண்ணெயை அப்படியே ஊற்றினேன். டக் என்று ஒரு சத்தம். ஜாடியைத் தூக்கினால் அடிப்பாகம் மட்டும் வட்டமாக மேசையிலேயே நிற்கிறது, ஆயாவின் மேசைத்துணி முழுக்க எண்ணெய். உள்பக்கம் சூட்டில் விரிய, வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்க, நடுவில் கண்ணாடி கிழிந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்துப் போரோசிலிகேட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் விரியும், அதனால் தாங்கும். ஊறுகாய் ஜாடி அந்த ரகம் இல்லை. எண்ணெயை ஆற விட்டு ஊற்றுங்கள்.

மூடியை யாரும் பார்ப்பதே இல்லை. புளிப்பும் உப்பும் கண்ணாடியை ஒன்றும் செய்யாது, ஆனால் தகர மூடியின் உள்பூச்சு கீறியிருந்தால் துரு நேராக ஊறுகாயில். ஜாடி பத்து வருஷம் வரும், மூடியை மாற்றுங்கள். அப்புறம், அழகாக இருக்கிறதென்று ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெயில் பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

கடைசியில் மறுசுழற்சி. பாட்டிலை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது, பழைய கண்ணாடித் தூள் சேர்த்தால் உலைக்கும் எரிபொருள் மிச்சம். ஆனால் அதோடு முகம் பார்க்கும் கண்ணாடி, அடுப்புப் பாத்திரம், பீங்கான் கோப்பை எதையும் போடாதீர்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் பூச்சு இருக்கும், மற்றவை வேறு கலவை, வேறு சூட்டில் உருகுபவை, உருகாமல் நின்ற ஒரு துண்டு புதுப் பாட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

உடைந்ததைக் குப்பையில் போடுவதென்றால் செய்தித்தாளில் நாலு மடிப்பாகச் சுற்றி, டேப் ஒட்டிப் போடுங்கள். விடியற்காலையில் நம் தொட்டியைக் கிளற வருகிறவர்கள் வெறுங்கையோடுதான் வருகிறார்கள்.