வீட்டுக் கடன் தவணை நின்றுவிட்டதா? வீடு ஏலத்துக்குப் போகாமல் காக்கும் வழிகள்

வேலூர், காட்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பகுதிகளில் வீட்டுக் கடன் வாங்கியவர்களில் பலர் தோல், காலணித் தொழிற்சாலைச் சம்பளத்தையோ, சிகிச்சைக்காக வரும் வெளியூர்க்காரர்களுக்கு விடும் அறை வாடகையையோ நம்பித் தவணை கட்டுகிறவர்கள். ஆர்டர் குறைந்தாலோ, குடும்பத்தில் ஒருவர் நோயில் விழுந்தாலோ தவணை நின்றுபோகிறது. அதன் பிறகு பெரும்பாலும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படியே வங்கி நடவடிக்கை எடுக்கிறது. வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விட அந்தச் சட்டம் வங்கிக்கு அதிகாரம் தருகிறது. அதே சட்டம் கடன்தாரருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் சில நாட்களை ஒதுக்கியிருக்கிறது. நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று கடிதத்தைப் பிரிக்காமல் பீரோவில் வைப்பதால்தான் அந்த நாட்கள் வீணாகின்றன என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: 90 நாட்களுக்குள் வங்கிக்குச் செல்லுங்கள்

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அப்படி ஆகிவிட்ட பிறகு ஒரு தவணையைக் கட்டினால் போதாது. நிலுவை முழுவதையும் செலுத்தினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே முதல் தவணை தவறிய மாதமே கிளை மேலாளரைச் சந்தித்து, வருமானம் குறைந்ததற்கான சான்றுடன் (சம்பளச் சீட்டு, மருத்துவமனைப் பில், வேலை நீக்கக் கடிதம்) தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் வங்கியிடமும், 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் புகார் செய்யலாம்.

இரண்டாம் படி: 60 நாள் நோட்டீசுக்குப் பதில் எழுதுங்கள்

வாராக்கடன் ஆன பின், 13(2) பிரிவின் கீழ் ஒரு நோட்டீஸ் வரும். மொத்தப் பாக்கியை 60 நாட்களுக்குள் செலுத்தச் சொல்லும் இந்தக் கடிதமே எல்லாவற்றிலும் முக்கியமானது. அதில் உள்ள தொகையை உங்கள் கணக்கு அறிக்கையுடன் வரி வரியாக ஒப்பிடுங்கள். கட்டிய தவணை வரவு வைக்கப்பட்டிருக்கிறதா, அபராதக் கட்டணத்துக்கும் வட்டி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. பாக்கித் தொகை அசலிலும் வட்டியிலும் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தாலோ, அடமானம் வைத்தது விவசாய நிலமாக இருந்தாலோ இந்தச் சட்டமே பொருந்தாது. இவற்றில் எது இருந்தாலும் ஆட்சேபணையாக எழுதி அனுப்புங்கள். வங்கி அதற்கு 15 நாட்களுக்குள் காரணத்துடன் பதில் தர வேண்டும்.

மூன்றாம் படி: வீட்டை நீங்களே விற்க முடியுமா என்று பாருங்கள்

நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. சம்மதம் பெற்று விற்பதற்குத் தடையில்லை. ஏலத்தில் வீடு பெரும்பாலும் சந்தை விலைக்குக் கீழேதான் போகிறது. ஆகவே கடனை மீட்க வேறு வழியே இல்லை என்று தெரிந்தால், வாங்குபவரையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குச் சென்று, கடன் தொகை நேராக வங்கிக் கணக்குக்குப் போகும்படி கிரயம் பேசி முடிப்பது நல்லது. இதைச் சொல்வதற்கே மனம் கனக்கிறது. ஆனாலும் மிச்சப் பணமாவது கையில் நிற்கும்.

நான்காம் படி: கதவில் நோட்டீஸ் ஒட்டிய பிறகு 45 நாட்கள்

60 நாட்கள் கடந்ததும் வங்கி அதிகாரி சுவாதீன அறிவிப்பை, அதாவது வீட்டை வங்கி கையகப்படுத்திவிட்டதாகச் சொல்லும் அறிவிப்பை, வீட்டுக் கதவிலோ கேட்டிலோ ஒட்டுவார். 7 நாட்களுக்குள் அது இரண்டு நாளிதழ்களிலும் வரும். இந்த நிலையில் வீடு இன்னும் உங்கள் பயன்பாட்டில்தான் இருக்கிறது. ஆளை வெளியேற்ற வங்கி தனியாக மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு பெற வேண்டும். நடவடிக்கையில் குறை இருந்தால் 45 நாட்களுக்குள் சென்னையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 17ஆவது பிரிவின் கீழ் மனுச் செய்யுங்கள். உள்ளூர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்டு நாட்களைக் கழிக்க வேண்டாம். 34ஆவது பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது. வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

ஐந்தாம் படி: ஏல அறிவிப்புக்கு முன் பணத்தைத் திரட்டுங்கள்

முழுப் பாக்கியையும் செலவுகளுடன் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் வரை மட்டுமே இருக்கிறது. ஏல நாள் வரை அவகாசம் இருப்பதாக நம்பிக் காத்திருப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஏலம் முடிந்து கடனும் செலவும் போக மீதியிருந்தால் அது உங்களுக்குச் சேர வேண்டிய பணம். வேறு யாருக்கும் அதில் உரிமை இல்லாதபோது வங்கி அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

தெருவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

நாளிதழ் அறிவிப்பில் சொத்து விவரம் என்ற பகுதியைப் படித்தவர்களுக்குத் தெரியும்: வடக்கில் இன்னார் வீடு, தெற்கில் இன்னார் மனை என்று நான்கு எல்லைகளும் அச்சாகியிருக்கும். கடனே வாங்காத அண்டை வீட்டுக்காரர் பெயரும் அந்தக் கட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பூட்டி முத்திரையிட்ட வீட்டில் தொட்டித் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகுகிறது, கரையான் பக்கத்துச் சுவருக்கும் ஏறுகிறது. அடிமாட்டு விலைக்கு ஒரு வீடு போனால், அதே தெருவில் மகள் திருமணத்துக்காக மனை விற்க வருபவரிடம் அந்த விலையைச் சொல்லியே பேரம் பேசுகிறார்கள்.

எல்லாரையும் விட அதிகமாக இழப்பவர்கள் போக்கியத்துக்குக் குடியிருப்பவர்கள். அடமானம் வைத்த பிறகு வங்கிக்குத் தெரியாமல் போடப்பட்ட போக்கியத்தை வங்கி ஏற்பதில்லை. கொடுத்த லட்சங்களை ஏற்கெனவே நொடித்துப்போன வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே போக்கியத்துக்குப் போவதற்கு முன் பதிவுத்துறை இணையதளத்தில் அந்த வீட்டின் சர்வே எண்ணைக் கொண்டு வில்லங்கச் சான்றைப் பாருங்கள். உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு என்று வங்கியின் பெயரில் ஒரு பதிவு இருந்து, அது ரத்தான பதிவு இல்லையென்றால், கடன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளுங்கள். அப்போது வங்கியின் சம்மதக் கடிதத்தைப் பார்க்காமல் முன்பணமாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.