கல்குவாரி அடைத்த ஓடைக்குத் தனி மனு எழுதும் முறை

பெங்களூரின் தெற்கே ஆனேக்கல், பன்னேர்கட்டா பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள், உரிமம் இல்லாத கல்குவாரியைப் பற்றிக் கனிமத் துறைக்கு மனு கொடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி வண்டியைப் பறிமுதல் செய்யலாம், கல்லின் விலையை வசூலிக்கலாம். அந்தப் பணம் அரசுக்குப் போகும், ஓடையில் சரிந்த மண் அங்கேயே கிடக்கும். ஆகவே ஓடைக்கென்று தனி மனு வேண்டும்.

முதலில் பொதுவழியில் நின்றபடியே, கர்நாடக நில அளவைத் துறையின் திஷாங்க் செயலியில் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, கிராம வரைபடத்தில் அதையொட்டி ‘ஹள்ளா’, அதாவது ஓடை, காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் காய்ந்து கிடப்பதைக் காட்டி ‘இது வெறும் பள்ளம்’ என்று யாராவது தட்டிக்கழித்தால் தயங்க வேண்டாம்: 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், தற்போதைக்கு வறண்டிருக்கும் நீர்வழியையும் ஓடை என்றே சொல்கிறது. மாசு பெருமளவு கூடும் வகையில் நீரோட்டத்தைத் தடுக்கும் எதையும் தெரிந்தே அதில் கொட்டுவதை அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு தடை செய்கிறது.

குத்தகையும் சுற்றுச்சூழல் அனுமதியும் உண்டா என்பதைப் பத்து ரூபாய்த் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் அனுமதி தேவை என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீபக் குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

ஓடையில் குவாரிக்கு மேலே, நீர் வரும் பக்கம் ஒரு பாட்டில், கீழே, நீர் போகும் பக்கம் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஓரிரவு அசையாமல் வையுங்கள். கீழ்ப்பாட்டிலின் அடியில் சாம்பல் நிறத்தில் கல்மாவு படிந்திருந்தால், இரண்டையும் சேர்த்துத் தேதியோடு படமெடுங்கள். ஆனால் இந்தப் பாட்டிலை மட்டும் நம்பிவிடாதீர்கள். கழிவுநீர் மாதிரியின் ஆய்வு முடிவு வழக்கில் நிற்க வேண்டுமானால், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி குவாரிக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டிருக்க வேண்டும். அதனால், சர்ச் தெரு பரிசர பவனில் உள்ள வாரியத்துக்கு எழுதும்போது, மாதிரி எடுக்கும்படியே வெளிப்படையாகக் கேளுங்கள். கன்னடத்தில் எழுதுவது நல்லது. ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

அதிகாரிகள் அசையவில்லையென்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அந்தத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின் கீழ் வழக்குக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதமே கெடு; ஓடையைச் சீரமைக்கக் கோரும் 15-ஆம் பிரிவுக்கு ஐந்து ஆண்டு. ஆகவே மண் விழுந்ததை முதலில் கண்ட தேதியை இன்றே எழுதி வையுங்கள். கோரிக்கையில் ‘தக்க நடவடிக்கை’ என்று பொதுவாக எழுதாமல், மண்ணை அள்ளி ஓடையை வரைபடத்தில் உள்ள அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும், அந்தச் செலவைக் குவாரிக்காரரே ஏற்க வேண்டும் என்று எழுதுங்கள்.