கலிபோர்னியாவின் சிறு சமுதாயக் கல்லூரியில் படிப்போர்க்கு

சமுதாயக் கல்லூரி என்பது இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி. அங்கே படித்து இரண்டாண்டுகளில் பல்கலைக்கழகத்துக்கு மாற நினைப்பவர், கல்லூரியில் சேர்க்கை எளிது என்று அசந்துவிடாமல், முதல் பருவத்திலேயே கல்வி ஆலோசகருடன் அமர்ந்து பாடத்திட்டத்தை எழுத்தில் வகுத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் படித்த எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லுபடியாகும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளம் இலவசமாகக் காட்டுகிறது. வாய்வார்த்தையைவிட அதையே நான் நம்புவேன். சிறு கல்லூரியில் இயற்பியல், உயர்கணிதம் போன்றவை ஆண்டுக்கு ஒருமுறையே நடக்கக்கூடும், ஆள் சேராவிட்டால் வகுப்பே ரத்தாகலாம் என்பதால், நுண்கணிதத்தின் முதற்பகுதியைத் தள்ளிப்போட்டால் அடுத்தடுத்த பாடங்கள் ஓராண்டு பின்தங்கிவிடும். அத்தகைய நிலையில் வேறு சமுதாயக் கல்லூரியின் இணையவழி வகுப்பைத் தேடலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மூன்றாமாண்டில் சேர, அங்கே ஏற்கப்படும் பாடங்களில் 60 பருவ அலகுகள் (பாடத்தின் அளவைக் குறிக்கும் 'கிரெடிட்') தேவை. அதன் 6 வளாகங்கள் தரும் உறுதிச் சேர்க்கைத் திட்டத்துக்குச் (நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி) செப்டம்பர் மாதத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அதில் இல்லை.