ஆப்பிளின் வரி 24.1% ஆனது எப்படி? வரி விகிதத்தைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிள் நிறுவனத்தின் எஃபெக்டிவ் வரி விகிதம், அதாவது லாபத்தில் வரிச் செலவாகப் போகும் பங்கு, 2023 நிதியாண்டில் 14.7%. அடுத்த ஆண்டே 24.1%. அமெரிக்கா வரியை ஏற்றிவிட்டதா என்றால், இல்லை. அங்கே கம்பெனி வரி 2018 முதல் 21 சதவீதம்தான்.

கணக்கு என்னவோ எளிது: லாப நட்டக் கணக்கில் காட்டிய வரிச் செலவை, வரிக்கு முந்தைய லாபத்தால் வகுக்க வேண்டும். அதில் வரும் விடையை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு. ஆண்டறிக்கையின் வருமான வரிக் குறிப்பில், சட்டப்படியான விகிதத்தில் தொடங்கி உண்மையான வரிச் செலவில் முடியும் ஒரு அட்டவணை இருக்கும். ஆப்பிளின் 2024 அட்டவணையைப் பாருங்கள். வரிக்கு முந்தைய லாபம் 12,348 கோடி டாலர். 21% கணக்கிட்டால் வரி 2,593 கோடி. வெளிநாட்டுத் துணை நிறுவனங்களின் வருமானத்தால் 531 கோடி குறைகிறது. ஆராய்ச்சிச் சலுகையால் இன்னொரு 140 கோடி. ஆனால் அட்டவணையின் ஒரே பதிவில் 1,025 கோடி கூடுகிறது. அயர்லாந்து தந்த வரிச் சலுகை செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பர் 10 அன்று சொன்ன இறுதித் தீர்ப்பின் விளைவு அது. அதை எடுத்துவிட்டால் விகிதம் சுமார் 15.8% தான். அடுத்த ஆண்டைக் கணிக்க 24.1%-ஐ எடுத்தவர் பாடு திண்டாட்டம்!

இதே விஷயத்தில் இன்னொரு தவறும் தெரியும். வரிச் செலவும் கட்டிய பணமும் ஒன்றல்ல. அந்த அயர்லாந்துப் பணத்தை ஆப்பிள் 2018-லேயே எஸ்க்ரோ கணக்கில் (வழக்கு முடியும்வரை பணத்தை ஒதுக்கி வைக்கும் கணக்கு) போட்டாயிற்று. செலவாக எழுதியது 2024-ல். அதேபோல, வரிக் கணக்கில் தேய்மானத்தை முன்கூட்டியே கழித்துக்கொண்டால் இப்போது கட்டும் பணம் குறையும். விகிதம் பொதுவாகக் குறையாது, ஏனென்றால் மீதி ஒத்திவைக்கப்பட்ட வரியாக, அதாவது பின்னாளில் கட்ட வேண்டிய வரியாக, இப்போதே செலவில் ஏறிவிடும்.

அப்புறம், நாடுகளின் விகிதங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது. லாபம் எங்கே எவ்வளவு என்பதுதான் முக்கியம், நட்டம் வந்தால் அதுவும் போதாது. ஒரு நாட்டில் 100 லாபம், 25 வரி. இன்னொரு நாட்டில் 50 நட்டம், வரி இல்லை என்று வைத்துக்கொள்வோம். குழும லாபம் 50, வரி 25, விகிதம் 50%! எந்த நாட்டிலும் அப்படி ஒரு விகிதம் இல்லை. அந்த நட்டத்தைப் பின்னாளில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் நம்பி, 20% விகிதத்தில் 10-ஐ வரிச் சொத்தாக (பின்னாளில் மிச்சமாகும் வரி) பதிந்தால், வரிச் செலவு 15 ஆகி விகிதம் 30% ஆகிவிடும். வரிச் சட்டம் மாறவில்லை, மாறியது நிர்வாகத்தின் மதிப்பீடு. ஆடிட்டர்கள் இங்கே கூர்ந்து பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

சட்டப்படியான வரி குறைந்தால் எஃபெக்டிவ் விகிதமும் உடனே குறையும் என்பதும் சரியில்லை. அமெரிக்கா 35-லிருந்து 21 சதவீதத்துக்கு இறங்கியபோது, அமெரிக்க வங்கியான சிட்டிகுரூப் 2017 கடைசிக் காலாண்டில் சுமார் 2,200 கோடி டாலர் செலவு எழுத நேர்ந்தது. அதன் பெரும்பகுதி, கையில் வைத்திருந்த வரிச் சொத்துகளின் மதிப்பு இறங்கியதால் வந்தது.

ஒரு காலாண்டின் விகிதத்தை மட்டும் வைத்து ஆண்டு முழுவதையும் ஊகிக்கவும் வேண்டாம். காலாண்டுகளில் போடுவது ஆண்டு முழுவதற்குமான மதிப்பீட்டு விகிதம். ஒருமுறை வரும் விஷயங்கள் மட்டும் நடந்த காலாண்டிலேயே விழும்.