இரக்கம் அவசரப்படுத்தும்: விலங்கு உரிமை அமைப்பில் வேலைக்குச் சேருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் விலங்குகளுக்காக இயங்கும் சிறிய அமைப்பொன்றில் சில ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை செய்தவன் என்பதால், அத்தகைய வேலைக்குப் போக விரும்பும் இளைஞர்கள் அவ்வப்போது என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. ஏறக்குறைய எல்லோரும் முதலில் சொல்வது, தங்களுக்கு நாய் பூனை என்றால் உயிர் என்பதைத்தான். அது வேண்டிய தகுதிதான். ஆயினும் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் அன்பு குறைந்தவர்கள் அல்லர், அன்பு மிகுந்தவர்களே. துடிக்கும் உயிரைக் கண்டதும் எதையாவது உடனே செய்துவிட வேண்டும் என்ற பதைப்பில் கை முந்திவிடுகிறது, அறிவு பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறது. கீழே எழுதியிருப்பவற்றில் பலவற்றை நானும் செய்திருக்கிறேன்.

முதலில் மான்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும், கடற்கரைப் பக்கத்துத் தெருக்களிலும் ஆடுமாடுபோலத் திரியும் புள்ளிமான்களைக் காணாமல் இந்த நகரத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. அந்தப் பழக்கமே ஆபத்து. பற்றைக்குள் தனியே கிடக்கும் மான்குட்டியைக் கண்டவர் தாய் செத்துப்போயிற்று என்று முடிவு செய்து, அதைத் தூக்கி முச்சக்கர வண்டியில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டு வந்துவிடுவார். உண்மையில் தாய்மான் குட்டியை மறைவில் படுக்க வைத்துவிட்டு மேயப் போவதே அதன் இயல்பு. எடுத்து வந்த குட்டிக்குத் தாயும் இல்லை, காடும் இல்லை. வளர்ந்த மானைத் துரத்திப் பிடிப்பது இதைவிட மோசமானது. பிடிபட்ட அச்சத்தாலும் திமிறலாலும் அதன் தசைகள் சிதைந்து, வெளியே ஒரு காயமும் தெரியாமலே பின்னர் அது இறந்துபோகக்கூடும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காட்டு விலங்குகளைக் கையாளும் அதிகாரம் வனசீவராசிகள் திணைக்களத்துக்கே உண்டு என்பதால், இங்கே நல்ல எண்ணம் என்பது சட்டத்தின்முன் விளக்கமாகாது. விலகி நின்று பார்ப்பது, நாய்களையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் அப்புறப்படுத்துவது, 1992 என்ற இலக்கத்துக்கு அழைப்பது ஆகிய மூன்றுக்கும் மேல் புதிதாகச் சேர்ந்தவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. மான்களுக்குத் தின்பண்டத்தைப் பொலித்தீன் பையோடு நீட்டும் உல்லாசப் பயணிகளைத் தடுப்பது கோபுரம் கட்டுவதுபோன்ற பெரிய வேலையாகத் தோன்றாது. ஆனால் மானின் வயிற்றில் திரண்டு அடைத்துக்கொள்வது அந்தப் பைதான்.

இதே அவசரத்தின் இன்னொரு வடிவத்தை நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் காணலாம். வலையில் சிக்கிய கடலாமை அசைவற்றுக் கரைக்கு வரும்போது, அதை நாலுபேர் சேர்ந்து தூக்கித் திரும்பவும் கடலில் விட்டு, கைதட்டிப் படமெடுக்கும் காட்சி மிக அழகானது. ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் பிராணி. நீரில் மூச்சடைத்து மயங்கியதை மறுபடியும் நீரில் தள்ளினால் அது மூழ்கிச் சாகும். அதன் பின்பகுதியைச் சற்று உயர்த்தி, நிழலில் வைத்து, மூக்குத் துவாரத்தை மூடாமல் உடலை ஈரத்துணியால் போர்த்தி, பல மணித்தியாலங்கள், சில வேளைகளில் ஒரு முழு நாள்கூட, காத்திருக்க வேண்டும். இலங்கைக் கரைகளுக்கு வரும் ஐந்து ஆமை இனங்களும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதால், மீனவரைக் கண்டதும் பொலிஸைப் பற்றிப் பேசத் தொடங்கும் ஊழியரும் உண்டு. தானாக அழைத்துச் சொன்ன மீனவரை மிரட்டினால் அடுத்த ஆமையைப் பற்றி நமக்குத் தகவல் வராது. வலை அறுந்தால் அவருக்கு ஏற்படும் நட்டத்தைப் பற்றி முதலில் விசாரித்துவிட்டு ஆமையைப் பற்றிக் கதைப்பது, திருக்கடலூரிலும் சல்லியிலும் எனக்கு மெல்ல மெல்லப் புரிந்த ஒழுங்கு.

ஆனாலும் அன்றாட வேலையின் பெரும்பகுதி கட்டாக்காலி நாய்களோடுதான். அங்கே மன்னிக்க முடியாத தவறு ஒன்று உண்டு: முன்கூட்டியே விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் களத்தில் இறங்குவது. அறிகுறி தோன்றிய பின்னர் அந்த நோயிலிருந்து மீள்வது ஏறத்தாழ நடக்காத காரியம். சிறு கீறல்தானே, குட்டிதானே என்று விடுபவர்கள், குட்டியின் எச்சிலிலும் கிருமி இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். கடியோ கீறலோ பட்டவுடன் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்; முன்னரே ஊசி போட்டவரும் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசுவது நம் வீடுகளில் இன்னும் வழக்கத்தில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். இந்த ஊசிக்கும் ஏற்பு வலி ஊசிக்கும் நிறுவனம் பணம் தர மறுத்தால், அந்த நிறுவனத்தில் சேராதீர்கள்.

கருத்தடை முகாமுக்கு நாய்களைப் பிடித்து வரும்போது, எந்த நாய் எந்த இடத்தில் பிடிபட்டது என்பதை எழுதாமல் நினைவில் வைத்துக்கொள்வது அடுத்த தவறு. ஒரு முகாமில் நாள் முழுதும் பிடித்துக் களைத்துப்போன மாலையில், அனுராதபுரச் சந்திக்கு அருகில் பிடித்த வெள்ளை நாயொன்றை அலஸ்தோட்டத்தில் இறக்கிவிட்டேன். இரண்டு வெள்ளை நாய்கள் இருந்தன, நான் மாற்றிவிட்டேன். வேறு கூட்டத்தின் எல்லைக்குள், தையல் ஆறாத வயிற்றோடு இறங்கிய நாய்க்கு என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அன்றிலிருந்து கழுத்துப்பட்டியில் இலக்கம், பதிவேட்டில் தெருவின் பெயர், கைத்தொலைபேசியில் பிடித்த இடத்தின் படம் என்று மூன்றும் இல்லாமல் ஒரு கூட்டையும் திறந்ததில்லை. வேண்டுமென்றே இடம் மாற்றச் சொல்லிக் கேட்பவர்களும் வருவார்கள். சந்தைப்பக்கத்து நாய்களைக் கன்னியா வீதிக்கு அப்பால் கொண்டுபோய் விடுங்கள், செலவைத் தருகிறோம் என்பார்கள். குப்பை இருக்கும்வரை காலியான இடத்துக்கு வேறு நாய்கள் வரும். வருபவை தடுப்பூசி பெறாதவையாகவும் இருக்கும். ஓரிடத்து நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி இருந்தால் நோய்ப் பரவல் அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாய்களைக் கலைத்துவிட்டால் அந்தக் கணக்கே கலைந்துவிடும்.

சட்டத்தைப் பற்றி மிகையான நம்பிக்கையோடு வருபவர்கள் விரைவில் உடைந்துபோகிறார்கள். விலங்குகளை வதைப்பதற்கு எதிரான நமது கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. அது விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. இன்று அந்தக் காசுக்கு என்ன வாங்கலாம் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் எத்தனையோ அமைச்சரவைகளைக் கண்டுவிட்டது. இதனால் முறைப்பாடு செய்வது வீண் என்று ஆகாது, ஏனெனில் அதே சட்டத்தில் மூன்று மாதம்வரையான சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. பொலிஸ் நிலையத்துக்குக் கொந்தளிப்போடு போய்க் கத்துவதும், வாயால் சொல்லிவிட்டு வருவதுமே வீண். திகதி, நேரம், இடம், சாட்சிகள், மிருக வைத்தியரின் எழுத்திலான அறிக்கை ஆகியவற்றோடு போய், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருபவரை அதிகாரிகள் இரண்டாம் முறையும் மதிப்பார்கள்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விடயம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் மாவட்டம் இது; போரின் நினைவு இன்னும் காயாத மாவட்டமும்கூட. மாடுகளை நெருக்கி ஏற்றிய லொறியொன்றின் படம் நம் கைக்கு வந்து, அதை ஒரு சமூகத்தின் பெயரோடு பேஸ்புக்கில் போட்டால், பகிர்வுகள் ஒரே இரவில் மலைபோல் குவியும். பகிர்பவர்களில் பலருக்கு மாட்டைப் பற்றி எந்தக் கவலையும் இருக்காது. அவர்களுக்கு வேண்டியது வேறு. அந்தப் பதிவுக்குப் பிறகு கிண்ணியாவிலோ மூதூரிலோ தடுப்பூசி முகாம் நடத்தப் பள்ளிவாசல் நிர்வாகத்தின் கதவைத் தட்ட நமக்கு முகமிருக்காது. மிருகங்களைக் கொண்டு செல்வதற்கு அனுமதிப்பத்திரமும் நிபந்தனைகளும் உண்டு. அவை மீறப்பட்டிருந்தால் வாகன இலக்கத்தோடு அந்த மீறலை மட்டும் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும். மாட்டிறைச்சிக் கடையைப் பற்றி உரத்துப் பேசுகிறவர், தன் ஊர்க் கோயில் வேள்வியில் வெட்டப்படும் ஆட்டைப் பற்றி மௌனமாக இருந்தால், அவருடைய விலங்கு உரிமை எந்த விலங்குக்கானது என்று எதிரில் இருப்பவர் கேட்கத்தான் செய்வார். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை, அதில் ஒருமுறை மண்ணைக் கொண்டு, கழுவ வேண்டும் என்ற மார்க்க விதியைப் பின்பற்றும் வீட்டுக்காரர் வாசலில் நாயைச் சேர்க்காததை வெறுப்பு என்று மொழிபெயர்ப்பதும் அறியாமையே. தாகித்த நாய்க்கு நீர் கொடுத்தவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்ட நபிமொழியை எனக்கு முதன்முதலில் சொன்னவர், தன் முற்றத்துக்குள் நாயை விடாத ஒரு முதியவர்தான். நம் பக்கத்தில் வைரவரின் வாகனம் என்று கும்பிட்டுவிட்டு, கோயில் வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக் கல்லெறிபவர்களும் இருக்கிறார்கள் அல்லவா?

அலுவலகத்துக்குள்ளும் இத்தகைய உரசல் உண்டு. விலங்கு நலம் என்பது மனிதர் பயன்படுத்தும் விலங்கையும் துன்புறுத்தாமல் வைத்திருக்கக் கேட்பது. விலங்கு உரிமை என்பது பயன்படுத்துவதையே கேள்விக்கு உட்படுத்துவது. ஒரே மேசையில் இரு தரப்பாரும் இருப்பார்கள். கடலை நம்பி வாழும் ஊரில், ஓட்டுநரின் சோற்றுப் பார்சலில் சூடைமீன் பொரியல் இருக்கும். அதைப் பார்த்து முகம் சுளித்து விரிவுரை நடத்திய தொண்டர் ஒருவரால், நாய் பிடிப்பதில் எங்களிடம் இருந்த மிகத் திறமையான மனிதர் வேலையை விட்டுப் போனார். நான் இப்போது மரக்கறி மட்டுமே உண்பவன். ஆனாலும் அந்த இழப்பை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரத்தம் வழியும் படத்துக்கு நன்கொடை வேகமாக வரும் என்பது உண்மை. அதையே தொடர்ந்து போட்டால் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொள்வார் என்பதும் உண்மை. ஊழியரின் சொந்த வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாவும் வரக்கூடாது, எவ்வளவு அவசரமானாலும் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் போகக்கூடாது. சித்திரை தொடங்கிப் புரட்டாதிவரை உல்லாசப் பயணிகள் நிறையும் கரைகளில் நாய்களுக்கு உணவும் நமக்கு நன்கொடையும் தாராளமாகக் கிடைக்கும். வாடைக்காற்றோடு மழை தொடங்கி விடுதிகள் மூடப்பட்டதும் இரண்டும் ஒன்றாகவே நின்றுபோகும், பசித்த நாய்கள் மட்டும் மிஞ்சும். ஆகவே வரவுசெலவுத் திட்டத்தை மார்கழி மாதத்தை மனதில் வைத்துப் போட வேண்டும்.

சேவை என்ற சொல்லுக்கு மயங்கி நியமனக் கடிதம் கேட்காமல் சேருவது தொழிலாளியாக நமக்கு நாமே செய்துகொள்ளும் தவறு. நிறுவனம் எந்தச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றது என்று கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் நிறுவனத்தின் பங்காக 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 சதவீதமும் செலுத்த வேண்டும். நான் வேலை செய்த ஓரிடத்தில் மாதக்கணக்காக அது செலுத்தப்படவில்லை. கேட்டபோது, "நாய்களுக்குச் சாப்பாடு வாங்கவா, உங்களுக்குக் கட்டவா?" என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். அது வெட்கப்பட வேண்டிய இடமே அல்ல என்று புரிய மூன்று ஆண்டுகள் சென்றன.

கடைசியாக, இடமில்லை என்று சொல்லத் தெரியாமை. இரவு பதினொரு மணிக்கு, பாலையூற்றிலிருந்து அட்டைப்பெட்டியில் ஆறு குட்டிகளோடு ஒருவர் வாசலில் வந்து நிற்பார். கூடுகள் நிறைந்திருக்கும். வந்தவர் நம் மனச்சாட்சியைத் தொட்டுப் பேசுவார். மறுத்தால், விலங்குகளின் பெயரால் பிழைப்பவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். அப்படி ஒரு மழைக்காலத்தில் மறுக்க மனமில்லாமல், வந்த குட்டிகளையெல்லாம் ஏற்று, தனிமைப்படுத்தும் கூட்டையும் நிரப்பி, பழைய குட்டிகளோடு சேர்த்து வைத்தோம். வந்தவற்றில் ஒன்றுக்கு, நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற தொற்றுநோய் இருந்தது. இரத்தக் கழிச்சலோடு தொடங்கி, நாளுக்கு இரண்டாக, எங்கள் கையில் வளர்ந்தவையும் போயின. அந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்பதால், அடுத்த வருடம்வரை அந்த முற்றத்தில் ஒரு குட்டியையும் விட முடியவில்லை. அதன்பிறகு அழைப்புப் பதிவேட்டில் ஒரு பத்தியைக் கூட்டினோம்: மறுக்கப்பட்டவை, மறுத்ததற்கான காரணம், அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாற்று வழி. எங்கள் பதிவேட்டில் மிகச் சிறிய கையெழுத்தில், மிக நெருக்கமாக எழுதப்பட்ட பத்தி அதுதான்.