ரேடியேற்றர் விசிறி: 12 வோல்ட் இருந்தும் சுழலவில்லை

காத்தான்குடி நெரிசலில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்குவதும், களுவாஞ்சிகுடிப் பக்கம் வேகம் பிடித்ததும் தானாக இறங்குவதுமாக என் கார் பல நாட்களை வீணாக்கியது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேற்றரைக் குளிர்வித்துவிடும் என்பதால் சந்தேகம் விசிறியின் மீதே விழுந்தது.

பியூஸ் நல்ல நிலையில் இருந்தது. விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேக்குப் பதிலாக, அதே வகையான ஹோர்ன் ரிலேயை மாற்றிப் போட்டும் பயனில்லை. கராஜில் வெப்ப உணரியை மாற்றச் சொன்னார்கள். ஏசியைப் போட்டால் உணரி சொல்லாமலே விசிறி சுழலவேண்டும்; அப்போதும் சுழலாத விசிறிக்கு உணரியைக் குறைகூறுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. பற்றரியின் இரு முனைகளிலிருந்தும் நேரடியாக வயர் கொடுத்தபோது மோட்டர் உடனே சுழன்றது.

குழப்பியது இதுதான்: விசிறியின் பிளக்கைக் கழற்றி அளந்தால் 12 வோல்ட் முழுமையாகக் காட்டியது. மீற்றர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியதாகையால் அரித்துப்போன இணைப்பின் வழியாகவும் அது சென்றுவிடும். மோட்டருக்கு வேண்டிய ஆம்பியர்கள் செல்லா. ஆகவே பிளக்கை மாட்டி, ஏசியைப் போட்டு, விசிறி திடீரெனச் சுழலக்கூடும் என்பதால் கையை விலக்கி வைத்துக்கொண்டு, மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பும் அதன் கறுப்பு வயருக்கும் பற்றரியின் எதிர் (−) முனைக்கும் இடையே அளந்தேன். பூச்சியத்தை ஒட்டி நிற்கவேண்டிய அளவு 11 வோல்ட்டைத் தாண்டியது; தடை அந்தத் திரும்பும் பாதையில்தான்.

அந்த வயர் முன்விளக்கின் பின்னே காரின் உடற்தகட்டில் ஒரு போல்ட்டால் இணைத்து எர்த் செய்யப்பட்டிருந்தது. போல்ட்டின் தலை பளபளப்பாகத்தான் இருந்தது. கழற்றியபோது வளையத்தின் அடிப்பக்கம் முழுவதும் பச்சைத் தூள். கல்லடியின் உப்புக்காற்று வேறென்ன செய்யும்? எமரித் தாளால் இரு பக்கமும் உலோகம் தெரியத் தேய்த்து இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினேன். அளவு 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது, விசிறியும் சுழன்றது.