செஸ் எஞ்சினை ரேட்டட் ஆட்டத்தில் இறக்குவது எப்படி?

உங்களிடம் ஸ்டாக்ஃபிஷ் மாதிரி ஒரு எஞ்சின், அதாவது செஸ் ஆடும் நிரல், இருக்கலாம், அல்லது நீங்களே ஒன்றை எழுதியிருக்கலாம். இணையத்தில் அதற்கு என்ன ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) வரும் என்று பார்க்க இரண்டு வழிகள். எதிராளியின் நகர்த்தலை நீங்கள் எஞ்சினில் போட்டு, அது சொல்லும் பதிலைத் தளத்தில் நகர்த்துவது ஒன்று. நடுவில் ஆளே இல்லாமல் எஞ்சினைத் தளத்தோடு இணைப்பது இன்னொன்று.

கையால் ஓட்டினால் வரும் ரேட்டிங் எஞ்சினுடையது மட்டுமல்ல. ஒரு நகர்த்தலுக்கு 2 நொடி கைவேலை என்று வைத்தாலும் 40 நகர்த்தலில் 80 நொடி போய்விடும். 3 நிமிட ஆட்டத்தில் அது பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. யாரோடு ஆடுவது, எப்போது தோல்வியை ஒப்புக்கொள்வது என்பதையும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். இதைவிட முக்கியம், சாதாரணக் கணக்கில் இப்படிச் செய்வது ஏமாற்று. எதிரே இருப்பவர் ஒரு மனிதரோடு ஆடுவதாக நம்பித் தன் நேரத்தைக் கொடுக்கிறார். தயவுசெய்து வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்தே நடந்தால் கதை வேறு. 1998இல் ஸ்பெயினின் லியோன் நகரில் கிராண்ட்மாஸ்டர்கள் காஸ்பரோவும் டோபலோவும் ஆளுக்கொரு கணினியோடு உட்கார்ந்து ஆடி 3-3 என்று சமன் செய்தார்கள். ஐசிசிஎஃப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு நடத்தும் அஞ்சல்வழிச் செஸ்ஸிலும் எஞ்சின் உதவிக்கு அனுமதி உண்டு.

சரி, தானாக ஓடவைப்போம். இதற்கு லிச்செஸ் என்ற இணைய செஸ் தளம் வசதியானது.

முதலில் அங்கே புதிய கணக்கு ஒன்று தொடங்குங்கள். அதில் ஒரு ஆட்டம்கூட ஆடக்கூடாது. ஆடியிருந்தால் அதை பாட் கணக்காக (மனிதருக்குப் பதில் நிரல் ஆடும் கணக்கு) மாற்ற முடியாது. மாற்றிவிட்டால் பழையபடி மனிதக் கணக்காகத் திருப்பவும் முடியாது.

அடுத்து, அந்தக் கணக்கில் ஒரு ஏபிஐ டோக்கன் (நிரல் உங்கள் கணக்கைப் பயன்படுத்த உதவும் ரகசியக் குறியீடு) உருவாக்குங்கள். பாட் ஆக ஆடும் அனுமதியை மட்டும் டிக் செய்தால் போதும். டோக்கனும் பாஸ்வேர்டு மாதிரிதான், யாருக்கும் காட்டாதீர்கள்.

அப்புறம் லிச்செஸ்-பாட் என்ற இலவச பைத்தான் நிரலை இறக்கி, அது கேட்கும் பைத்தான் தொகுப்புகளை நிறுவுங்கள். எஞ்சின் கோப்பை அதற்கான ஃபோல்டரில் வையுங்கள். எஞ்சினும் மற்ற நிரல்களும் பேசிக்கொள்ளப் பயன்படும் யுசிஐ நெறிமுறை பேசும் எஞ்சின் என்றால் சிக்கல் இல்லை.

இனி கான்ஃபிக் கோப்பு, அதாவது லிச்செஸ்-பாட்டின் அமைப்புகளை எழுதும் கோப்பு. அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. டோக்கன், எஞ்சின் பெயர், நெறிமுறை மூன்றையும் நிரப்புங்கள். த்ரெட் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் கணக்கீடு) எண்ணிக்கையை உங்கள் சிபியு தாங்கும் அளவுக்கு வையுங்கள். 'மூவ் ஓவர்ஹெட்' என்பது நகர்த்தல் இணையத்தில் போய்ச் சேர ஒதுக்கும் மில்லிநொடிகள். இணைப்பு மெதுவாக இருந்தால் அதைக் கூட்டுங்கள். இல்லையென்றால் ஜெயிக்கும் ஆட்டத்திலும் கடிகாரம் தோற்கடிக்கும். ஒரே நேரத்தில் எத்தனை ஆட்டம் என்ற இடத்தில் 1 போடுங்கள். இரண்டு ஆட்டம் சேர்ந்து ஓடினால் சிபியு பங்காகி, எஞ்சினின் உண்மையான பலம் தெரியாது. சவால் வகையில் இப்போதைக்கு கேஷுவல் (ரேட்டிங்கை மாற்றாத ஆட்டம்) மட்டும்.

முதல் முறை இயக்கும்போது 'மைனஸ் யு' (-u) தேர்வைச் சேர்த்தால் கணக்கு பாட் ஆகிவிடும். உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து சவால் விட்டு, நேரம் தீராமல் ஆட்டம் முடிகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனை கேஷுவலாகவே இருக்கட்டும்.

எல்லாம் ஒழுங்காக ஓடினால், ரேட்டிங்கை மாற்றும் ரேட்டட் வகையையும் திறந்துவிடுங்கள். பாட்டால் பொது லாபியில் எதிராளி தேட முடியாது, சவால் மூலம்தான் ஆட்டம் கிடைக்கும். அதோடு ஆடுபவை பெரும்பாலும் மற்ற பாட்கள் என்றால், அந்த எண்ணை மனிதர்களின் ரேட்டிங்கோடு ஒப்பிடாதீர்கள்.

தொடக்கத்தில் ரேட்டிங்குக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும். லிச்செஸ் பயன்படுத்தும் கிளிக்கோ-2 என்ற ரேட்டிங் கணக்கீட்டு முறையில் விலகல் (ரேட்டிங் எவ்வளவு நிச்சயமற்றது என்று காட்டும் எண்) 110க்குக் கீழே இறங்கினால்தான் அது மறையும். அதுவரை அமைப்பில் எதையும் மாற்றாதீர்கள், தோற்கிறது என்று நடுவில் நிறுத்தவும் வேண்டாம். எஞ்சினின் பதிப்பு, சிபியு, த்ரெட் எண்ணிக்கை மூன்றையும் பாட்டின் சுயவிவரப் பக்கத்தில் எழுதிவையுங்கள். சவால் விடுபவருக்கு எதனோடு ஆடுகிறோம் என்று தெரிய வேண்டும்.